ரிஸ்டிக் ஸ்டடி: பல வருஷம் ஆடிய பிறகு

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "முதல் கமாண்டர் டெக் போடுறேன், நீலம் இருக்கு. ரிஸ்டிக் ஸ்டடி கண்டிப்பா வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ரொம்ப நாளா வெச்சு ஆடுறீங்களே, போடலாமா?" (கமாண்டர் என்பது நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு நூறு கார்டு டெக்கோடு ஆடும் வகை. நீலம் கார்டுகளின் ஐந்து நிறங்களில் ஒன்று.) வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

மேஜிக் த கேதரிங் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கார்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விலை மூன்று மானா (கார்டு போடக் கட்டும் சக்தி), போட்டால் களத்திலேயே தங்கும் நீல என்சாண்ட்மென்ட். எதிராளி ஒவ்வொரு முறை ஸ்பெல் (லேண்ட் தவிர கையிலிருந்து போடும் எந்தக் கார்டும்) போடும்போதும் அவர் ஒரு மானா கட்டவில்லை என்றால் நான் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எழுதியிருப்பது இவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய வெள்ளை-நீலப் பறவை டெக்கில் இது பல வருஷமாக இருந்தது. அந்த டெக்கில் எனக்கு இவ்வளவு கார்டு எடுத்துக் கொடுத்தது வேறு எதுவும் இல்லை. கணக்கு எளிது. நாலு பேர் மேசையில் எனக்கு மூன்று எதிராளிகள். என் டர்ன் முடிந்து மறுபடி என்னிடம் வருவதற்குள் ஆளுக்கு ஒரு ஸ்பெல் போட்டாலே மூன்று கார்டு. ஆட்டம் சூடுபிடித்த பிறகு ஆளுக்கு இரண்டு போடுவது சாதாரணம். அவர்கள் டர்னுக்கு ஒரு கார்டு எடுக்கிறார்கள், நான் கை நிறைய வைத்துக்கொண்டு எதை விடுவது என்று யோசிக்கிறேன். நூறு கார்டில், மானா தரும் அடிப்படை லேண்டுகள் தவிர, ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி இருக்கும் டெக்கில், அதிகக் கார்டு பார்ப்பவருக்குத்தான் தேவையானது தேவையான நேரத்தில் கிடைக்கும்.

இதன் உண்மையான பலம் அதுகூட இல்லை. எதிராளி மானா கட்டினாலும் எனக்கு லாபம்தான். மூன்றாவது டர்னில் இது இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆடுபவரிடம் மூன்று லேண்ட் இருக்கிறது, கையில் மூன்று மானா கிரியேச்சர் (சண்டைக்கு இறக்கும் உயிரினக் கார்டு). அதைப் போட்டால் கட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, எனக்கு ஒரு கார்டு. கட்ட வேண்டுமென்றால் இரண்டு மானாவுக்குள் ஏதாவது போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டும் மேசை முழுவதும் என்னைவிட ஒரு டர்ன் பின்னாலேயே ஓடுகிறது. கட்டாத மேசை எனக்குக் கார்டு கொடுக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சாதகம் என்ற நிலையை மூன்று மானாவுக்குக் கொடுக்கும் கார்டு அபூர்வம்.

இது பிறந்த கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2000ஆம் ஆண்டு வந்த ப்ராஃபசி என்ற செட்டில் (ஒன்றாக வெளியான கார்டுத் தொகுப்பு) இது ஒரு காமன், அதாவது எளிதில் கிடைக்கும் கார்டு. அந்தச் செட்டில் ரிஸ்டிக் என்ற பெயரோடு வந்த கார்டுகள் எல்லாவற்றிலும் இதே யோசனைதான்: எதிராளி மானா கட்டினால் பலன் கெட்டுப்போகும். இரண்டு பேர் ஆட்டத்தில் அது பலவீனம். எதிரே ஒருவர்தான், தன் நன்மைக்காக அவரே பார்த்துக் கட்டிவிடுவார். அதனால் அப்போது இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு நாலு பேர் சேர்ந்து ஆடும் கமாண்டர் பரவியது, 2011இல் அதற்கென்றே தயார் டெக்குகள் வந்தன, பழைய பெட்டிகளில் கிடந்த இந்தக் கார்டு மேலே ஏறியது. 2020இல் ஜம்ப்ஸ்டார்ட் என்ற செட்டில் மறுபடி அச்சானபோது ரேர், அதாவது அரிய கார்டு ஆகிவிட்டது. கார்டின் வேலை துளியும் மாறவில்லை. மேசையைச் சுற்றி உட்காரும் ஆள் எண்ணிக்கை மாறியது, அவ்வளவுதான்.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். "ஒன்னு பே பண்றியா?"

இந்தக் கேள்விதான். ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் நான் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் கார்டு போய்விடும். அவர் ஸ்பெல்லைப் போட்டு, அதன் வேலையைச் செய்து, அடுத்ததற்குக் கை வைத்த பிறகு "நில்லு, நான் கேக்கல" என்று பின்னுக்கு இழுத்தால் எல்லாருக்கும் கடுப்பு. வேகமாக ஆடுகிறவர்களோடு உட்கார்ந்தால் நான் என் ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறக்காமல் இருக்க, இந்தக் கார்டை என் லைப்ரரிக்கு (நான் கார்டு எடுக்கும் அடுக்கு) பக்கத்திலேயே வைத்து, மேலே ஒரு பெரிய டைஸையும் வைத்துவிடுவேன். கை கார்டு எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். அதனால் மறப்பது குறைந்தது, கேட்பது குறையவில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னும் மோசம். யாராவது நீண்ட யோசனைக்குப் பிறகு தன் டெக்கின் மிக அழகான கார்டைப் போடுகிறார். எல்லாரும் குனிந்து அதைப் படிக்க வேண்டிய நேரம் அது. அங்கேயும் என் கேள்விதான் முதலில் விழுகிறது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அந்த நொடியில் கணக்காக மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கார்டைப் பற்றி எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். ஆனால் இது ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கிறது.

சண்டை கிளப்பும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் எல்லாரும் இங்கே தடுக்குகிறார்கள். ஒருவர் ஒரு மானா கட்டி சோல் ரிங் (சாய்த்து வைத்தால், அதாவது டேப் செய்தால், மானா தரும் கார்டு) போடுகிறார். நான் கேட்கிறேன். அவர் "சரி, சோல் ரிங்கை டேப் பண்ணிக் கட்டுறேன்" என்கிறார். முடியாது. ரிஸ்டிக் ஸ்டடியின் ட்ரிகர் (தானாகத் தூண்டப்படும் அதன் வேலை) ஸ்டாக்கில், அதாவது தீரக் காத்திருப்பவற்றின் அடுக்கில், அந்த ஸ்பெல்லுக்கு மேலே ஏறி முதலில் தீர்கிறது. அந்த நேரத்தில் சோல் ரிங் இன்னும் களத்துக்கு வரவே இல்லை. அப்படியானால் அந்த டர்னில் சோல் ரிங்கின் விலை உண்மையில் இரண்டு மானா. இதே காரணத்தால், அவருடைய ஸ்பெல்லை வேறு யாராவது கவுன்டர் செய்தாலும் (தடுத்து ரத்து செய்தாலும்) நான் எடுத்த கார்டு எடுத்ததுதான். விதி தெளிவு. ஆனால் ஆட்ட நடுவில் விளக்கினால் நான் ஏமாற்றுகிறேன் என்ற மாதிரி ஒரு பார்வை வருகிறது.

இதைப் பற்றி என்னோடு ஆடுகிறவர்கள் சொல்வதை நியாயமாக எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பாதிப்பேர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

"எல்லாரும் எப்பவும் கட்டிட்டா இது ஒன்னுமே இல்லாத கார்டு" என்பது ஒரு கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. நடக்காது. மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கிப் போகும்போது ஒருவர் கையை விட்டால் மற்ற இரண்டு பேரின் உழைப்பும் வீண். இங்கேயும் அதேதான். இருவர் ஒழுங்காகக் கட்டி மெதுவாக ஆடுகிறார்கள். மூன்றாமவர் கட்டாமல் தன் கிரியேச்சர்களை இறக்கிக்கொண்டே போகிறார். எனக்குக் கார்டு வருகிறது, அவருக்கு வேகம் கிடைக்கிறது, கட்டிய இருவருக்கும்தான் நஷ்டம். அடுத்த ஆட்டத்தில் அவர்களும் கட்ட மாட்டார்கள். இந்தக் கார்டு மனிதர்களின் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் என்ன ஆனாலும் கட்டிவிடுவார். கேட்பதற்கு முன்பே ஒரு லேண்டைத் தனியாகத் திருப்பி வைத்து "கட்டிட்டேன்" என்பார். அவரிடம் நான் தோற்ற ஆட்டங்களெல்லாம் எனக்கு நிறைவான ஆட்டங்கள். இவ்வளவு எரிச்சலான ஒரு கார்டுக்குள் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ரிமூவல் வெச்சுக்கோ, அழிச்சிடு, முடிஞ்சுது" என்பது இன்னொரு கட்சி. பச்சையும் வெள்ளையும் ஆடுகிறவர்களுக்குச் சரி, என்சாண்ட்மென்டை உடைக்க அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது. நீலம் இது இறங்கும்போதே கவுன்டர் செய்யலாம். கறுப்புக்கு நல்ல விடை ரொம்பத் தாமதமாக வந்தது, 2020இல் வந்த ஃபீட் த ஸ்வார்ம் என்ற கார்டு மாதிரி, அதுவும் லைஃப் (உயிர்ப் புள்ளி) கொடுத்து. சிவப்புக்குக் கிட்டத்தட்ட கேயாஸ் வார்ப் என்ற ஒரு கார்டுதான் கதி. அதைவிடப் பெரிய விஷயம், ரிஸ்டிக் ஸ்டடியை அழிக்கப் போடும் ஸ்பெல்லும் ஸ்பெல்தானே? அதற்கும் நான் கேட்பேன். என்சாண்ட்மென்டை உடைக்கும் இரண்டு மானா நேச்சுரலைஸ் மூன்றாகிறது, இல்லையென்றால் போகிற போக்கில் எனக்கு ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

தடை செய்ய வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2024 செப்டம்பரில் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு விங்ட் விஸ்டம் ஆகிய கார்டுகளைக் கமாண்டரில் தடை செய்தார்கள், இதைத் தொடவில்லை. அது சரியான முடிவு. மானா கிரிப்ட் முதல் டர்னில் வந்தால் ஆட்டம் அங்கேயே சாய்ந்துவிடுகிறது, மற்றவர்களுக்கு அதில் எந்த முடிவும் எடுக்க இடமில்லை. ரிஸ்டிக் ஸ்டடி ஒவ்வொரு முறையும் எதிராளியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறது. 2025 பிப்ரவரியில், டெக்குகளைப் பலத்தின்படி ஐந்து படிகளாகப் பிரிக்கும் பிராக்கெட் முறையோடு வந்த முதல் கேம் சேஞ்சர் (ஆட்டத்தையே மாற்றும் கார்டுகள்) பட்டியலிலேயே இதைச் சேர்த்தார்கள். முதல் இரண்டு பிராக்கெட்டில் இதைப் போட முடியாது, மூன்றாவதில் இதையும் சேர்த்து மொத்தம் மூன்று கேம் சேஞ்சர்கள்வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் கட்டுப்பாடு இல்லை. என் கணக்கில் இதுதான் இதற்கு ஏற்ற இடம். உட்காருவதற்கு முன்பே "என் டெக்கில் இது இருக்கு" என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது.

இதே வகையில் மற்றவையும் இருக்கின்றன. ஸ்மதரிங் டைத் எதிராளி கார்டு எடுக்கும்போது இரண்டு மானா கேட்கிறது. பெரும்பாலும் டர்ன் தொடக்கத்தில் ஒரு தடவை கேட்டு முடிந்துவிடும், அதனால் தாங்கலாம். மிஸ்டிக் ரெமோரா நாலு மானா கேட்கிறது, கிரியேச்சர் ஸ்பெல்லுக்குக் கேட்பதில்லை, டர்னுக்கு டர்ன் ஏறும் பராமரிப்புச் செலவால் கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விடும். கான்சக்ரேட்டட் ஸ்ஃபிங்ஸைப் பாருங்கள். எதிராளி ஒரு கார்டு எடுத்தால் நான் இரண்டு எடுக்கலாம், யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு ட்ரிகருக்கும் கிடைப்பது ரிஸ்டிக் ஸ்டடியைவிட அதிகம். ஆனாலும் அதைப் பார்த்து மேசையில் பயம்தான் வருகிறது, எரிச்சல் வருவதில்லை. ஆறு மானா, பெரிய உருவம், உடனே அழிக்கப் பார்ப்பார்கள், முடிந்தது. நல்ல ஆட்டக்காரர்கள்கூட இந்தச் சின்ன என்சாண்ட்மென்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குக் காரணம் அந்தக் கேள்வி ஆட்டம் முழுவதும் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதுதான்.

நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். முதல் டெக்கில் வேண்டவே வேண்டாம். மூன்று எதிராளிகளின் ஒவ்வொரு ஸ்பெல்லையும் கண்காணிப்பதிலேயே உங்கள் கவனம் முழுவதும் போய்விடும், உங்கள் கமாண்டர் (டெக்கின் தலைவர் கார்டு) என்ன செய்கிறது என்று கற்றுக்கொள்ளவே நேரம் இருக்காது. நானே என் பறவை டெக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே எழுதிய புகழ்ச்சியில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன், மூன்று மானாவுக்கு நீலத்தில் இதைவிட நல்ல கார்டு என் கையில் இல்லை. ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வேலை முடித்து வந்து நாலு பேர் உட்காரும் ராத்திரியில், ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் குறுக்கே பேசும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த இடத்தில் இப்போது ரீகானசன்ஸ் மிஷன் இருக்கிறது. நாலு மானா. என் கிரியேச்சர் ஒருவரை அடித்துச் சேதம் செய்தால் ஒரு கார்டு. என் டெக்கின் பறவைகள் எல்லாமே பறக்கும் என்பதால் அடிப்பதில் சிரமமில்லை. தேவைப்படாத நேரத்தில் இரண்டு மானா கட்டி சைக்கிள் செய்து, அதாவது கையிலிருந்தே கழித்து, வேறு கார்டு எடுத்துக்கொள்ளலாம். ரிஸ்டிக் ஸ்டடி கொடுத்ததில் பாதிகூட இது கொடுப்பதில்லை, களம் காலியாக இருந்தால் ஒன்றும் தராது. இரண்டையும் எடை போட்டால் பழையதுதான் ஜெயிக்கும். ஆனால் இது என் டர்னில், என் தாக்குதலில் மட்டும் வேலை செய்கிறது. மற்றவர்கள் ஆடும்போது நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் போடும் கார்டைப் படிக்கிறேன்.

பழைய கார்டை விற்கவில்லை, ஸ்லீவோடு பைண்டரில் இருக்கிறது. எப்போதும் கட்டிவிடுவார் என்று சொன்னேனே, அவரும் அவரைப் போலவே ஆடும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தால் நாலாவது பிராக்கெட் டெக் ஒன்று போட்டு அதில் மறுபடி வைப்பேன். அவர்களிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்வேன்: நான் கேட்க வேண்டாம், கட்டுகிறவர் தானாகச் சொல்லட்டும், சொல்லவில்லை என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.