ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? சேலத்திலும் ஏற்காட்டிலும் பல வருடம் சுட்டுப் பார்த்த அனுபவம்

ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் துப்பாக்கிக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள். அதில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட் என்று வந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டுகிற டப்பாவோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். பல வருடமாக ஒரே ரைஃபிளில் விதவிதமான குண்டுகளைப் போட்டுச் சுட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ரைஃபிளின் பேரலையும் (குழலையும்) சுடும் தூரத்தையும் பார்த்து பெல்லட்டைத் தேர்ந்தெடுங்கள். டப்பா மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்கினால் காசுக்குக் கேடு.

என்னுடையது உள்நாட்டில் செய்த 0.177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) ரைஃபிள், பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. சேலத்தில் வீட்டை ஒட்டிய சந்தில் 10 மீட்டர் தூரத்துக்கு அட்டை கட்டுவேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி காயவைக்கும் களத்தில் 25 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும், அட்டைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்கரை. பின்தடுப்பு இல்லாத இடத்தில் ஏர் ரைஃபிளைக்கூட எடுக்கக் கூடாது என்பதில் நான் கறார்.

முதலில் தலை வடிவம். தட்டைத் தலை பெல்லட் 10 மீட்டருக்கென்றே பிறந்தது. காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. 10 மீட்டர் ரைஃபிள் போட்டி அட்டையில் பத்துக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், அதைத் தொடப் போகிற குண்டோ 4.5 மில்லிமீட்டர். அந்த நுணுக்கத்துக்கு ஓட்டையின் விளிம்பு சுத்தமாக இருந்தே ஆகவேண்டும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் என்ற இரண்டு ரகத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். ரைஃபிளுக்கான ரகம் இரண்டிலும் ஏறக்குறைய 0.53 கிராம். என் பேரலுக்கு இரண்டாவது ஒரு பிடி கூடுதலாகப் பிடித்திருக்கிறது. உங்களுடையதற்கு நேர்மாறாக இருக்கலாம்.

அதே தட்டைத் தலையைக் களத்தில் 25 மீட்டருக்குச் சுட்டால் குண்டுகள் ஆளுக்கொரு திசையில் போகும். தட்டையான முகம் காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தை இழந்துவிடும். அங்கே உருண்டைத் தலைதான் சரி. ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட், 8.44 கிரெய்ன் (சுமார் 0.55 கிராம்) எடை, 4.52 மில்லிமீட்டர் தலை அளவு, காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். இத்தனை வருடத்தில் நான் விடாமல் வாங்குவது இது ஒன்றைத்தான்.

கூர்முனை பெல்லட் கண்ணுக்கு மிரட்டலாக இருக்கும். முனை கொஞ்சம் நடுவிலிருந்து விலகினாலும் குண்டு தள்ளாடும், மெல்லிய ஈயமுனை டப்பாவுக்குள்ளேயே நசுங்கும். நான் வாங்கிய எதுவும் உருண்டைத் தலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 'நொடிக்கு 1,200 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டு வரும் எடை குறைந்த அலாய் (உலோகக் கலவை) பெல்லட்டும் வேண்டாம். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டு நிலைகுலையும். தவிர, அத்தனை லேசான குண்டு சட்டென்று வெளியேறிவிடுவதால், ஸ்பிரிங் தள்ளிவிடும் பிஸ்டனுக்கு முன்னால் மெத்தைபோல நிற்கவேண்டிய காற்று போய்விடுகிறது. பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும். ஸ்பிரிங்குக்கும் சீலுக்கும் ஆயுசு குறையும்.

எடையைச் சோதிக்க சேலத்தில் ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் மில்லிகிராம் தராசில் டப்பா டப்பாவாகக் கொட்டி நிறுத்தோம். மலிவு ரகம் ஒன்றில் ஒரே டப்பாவுக்குள் 0.45 கிராமும் இருந்தது, 0.52 கிராமும் இருந்தது. நல்ல மேட்ச் (போட்டி) ரகத்தில் வித்தியாசம் 0.01 கிராமைத் தாண்டவில்லை. வெள்ளியை எடைபோட்டே பழகிய நண்பர், "இதென்னங்க, ஒவ்வொண்ணும் ஒரு எடையா இருக்கு!" என்று அந்த மலிவு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

எடைக்கு அடுத்தது பொருத்தம். பெல்லட்டை விரலால் பேரலுக்குள் தள்ளிப் பாருங்கள். தானாக நழுவி விழுந்தால் அளவு சிறிது. நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் பின்பக்கப் பாவாடை (மெல்லிய விளிம்பு) சிதையும். அந்தப் பாவாடைதான் காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கிறது, அதனால் அங்கே நசுங்கல் இருக்கும் குண்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். ரகம் மாற்றினால் முதல் சில குண்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். பழைய ஈயப்பூச்சு போய்ப் புதியது படியும் வரை குறி அலையும்.

சேலத்தில் சரிபார்த்த குறி ஏற்காட்டில் கொஞ்சம் நகரும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. மேலே போனதும் சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருத்திக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

தோட்டத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: "ஏங்க, பன்னிக்கு எந்தக் குண்டு போடணும்?" எதுவும் போடக் கூடாது. என் ரைஃபிளின் ஆற்றல் 16 ஜூல் அளவுதான். 20 ஜூலுக்குள், 0.177 அளவுக்குள் இருப்பதால்தான் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறேன். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் மானுக்கு எடுக்கும் 0.308 அங்குல ரைஃபிளின் ஆற்றல் 3,500 ஜூலை ஒட்டி வரும். அங்கேகூட உடலுக்குள் அளவாக விரிந்து, சிதறாமல், நெஞ்சுக்கூடு வரை போகிற குண்டா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும் என்பது அதன் நோக்கம். பெல்லட் பட்ட பன்றி புதருக்குள் போய் நாள்கணக்கில் சீழ்பிடித்துக் கிடக்கும். நினைக்கவே எனக்கு வயிறு கலங்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தராது. பன்றியால் வெள்ளாமை போகிற வேதனை நியாயமானது. அதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையிடம்தான் இருக்கிறது. 'ஹாலோ பாயிண்ட்' என்று குழிமுனை பெல்லட்டை வேட்டைக்கென்று சொல்லி விற்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். கொண்டைக்குருவி முதல் காட்டுமாடு வரை சேர்வராயன் மலையில் எதையும் குறிவைக்க நமக்கு உரிமை கிடையாது.

மழைக்காலத்தில் ஏற்காட்டு ஈரத்துக்கு ஈயம் வெள்ளையாகப் பொடி பூக்கும். அது விஷம். டப்பாவைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூத்த குண்டைத் துடைத்துப் பயன்படுத்தப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீ.

புதிதாக வாங்குகிறவர்கள் தட்டைத் தலையில் இரண்டு ரகம், உருண்டைத் தலையில் ஒரு ரகம் என்று ஒவ்வொரு டப்பா எடுத்து, சாய்மானம் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பிடித்ததை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) நாலைந்து டப்பாவாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை லாட் எண் மாறியிருந்தால், ஒரு டப்பாவை மட்டும் எடுத்து அட்டையில் சோதித்த பிறகு மிச்சத்தை வாங்குங்கள்.