ஸ்டீம் அயர்ன் பாக்ஸில் "காயில் மாத்தியாச்சு" என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் ரிப்பேருக்கு இணையத்தில் போன் நம்பர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள். எங்களிடமிருந்து 1,250 ரூபாய் போனது. அதைவிட, பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்பிக் கொடுத்த பெட்டியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பதறுகிறது. அதைக் கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது என் அம்மா.

நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். வீட்டுக்கு வருவது போர் தண்ணீர், குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். பெட்டிக்கு இரண்டு வருட வாரண்டி, அது இன்னும் முடியவில்லை. திடீரென்று ஒருநாள் விளக்கும் எரியவில்லை, சூடும் ஏறவில்லை. கம்பெனி பெயரோடு சர்வீஸ் சென்டர் என்று போட்டுத் தேடியபோது முதலில் வந்த நம்பருக்கு அழைத்தேன். எடுத்தவர் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். மாடல், வாங்கிய தேதி எல்லாம் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "வாரண்டி இருக்கு மேடம். ஆனா உப்புத் தண்ணி ஊத்தியிருந்தா கவர் ஆகாது. எங்க டெக்னீஷியன் வந்து பார்த்துச் சொல்வாரு" என்றார்.

வந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. கவிழ்த்து, ஆவி வரும் துளைகளில் படிந்திருந்த வெள்ளையைக் காட்டினார். "உப்பு அடைச்சு காயில் போயிடுச்சு" என்று சொல்லிப் பையில் போட்டு எடுத்துப் போனார். மறுநாளே கொண்டுவந்தார். விசிட்டிங் சார்ஜ் 350, காயில் 900. கம்பெனியின் சின்னம் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. கழற்றிய பழைய காயிலைக் கேட்டேன். "அது கம்பெனிக்கு ரிட்டர்ன் போகணும் மேடம்" என்றார். பெட்டி சூடானது. பணத்தை யுபிஐயில் அனுப்பினேன்.

அதே வாரம் அம்மா தன் பாலியஸ்டர் புடவையைத் தேய்க்க டயலை ஒற்றைப் புள்ளியில் வைத்திருக்கிறார். துணியின் லேபிளில் ஒற்றைப் புள்ளி என்றால் தட்டின் சூடு ஏறக்குறைய 110 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று அர்த்தம். இரட்டைப் புள்ளிக்கு 150, மூன்று புள்ளிக்கு 200 வாக்கில். ஆனால் பெட்டியை வைத்ததுமே புடவை உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தபோது தட்டுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் இளகி வாடை வந்துகொண்டிருந்தது. "விளக்கு அணையவே இல்லடி, எப்பத்தான் அணையும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார் அம்மா.

தெருமுனையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவர் முதலில் கேட்டது, "காயில் மாத்துனேன்னு சொன்னானா? இதுல மாத்துறதுக்குத் தனியா காயிலே கிடையாதேம்மா."

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பழைய சாதா இஸ்திரிப் பெட்டியில் மைக்கா தகட்டில் கம்பி சுற்றிய எலிமென்ட், அதாவது காயில், தனியாக இருக்கும், போனால் நூறு இருநூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஸ்டீம் பெட்டிகளில் பெரும்பாலும் எலிமென்ட்டை அலுமினியத் தட்டுக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். அது போனால் தட்டையே முழுசாக மாற்ற வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்தது அதே பழைய தட்டு, அதே கீறல்களோடு.

அடுத்து அவர் காட்டியதைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அப்படி ஒட்டினால் கரண்ட் நிற்காமல் பாயும், சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த நிலைமைக்காகவே உள்ளே தெர்மல் ஃபியூஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். அளவு மீறினால் அது தன்னை அறுத்துக்கொண்டு பெட்டியை நிறுத்திவிடும். ஒரு தடவை அறுந்தால் புதிதுதான் போட வேண்டும். முதலில் எங்கள் பெட்டி நின்றுபோனதும் இதனால்தான். அதாவது பெட்டி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. வந்த ஆள் அந்த ஃபியூஸை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் செம்புக் கம்பியால் முறுக்கி இணைத்திருக்கிறார். தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. சூட்டை நிறுத்த உள்ளே எதுவுமே இல்லாத ஒரு பெட்டியை 1,250 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்க எப்படி மனசு வந்தது?

பிறகு வாரண்டி கார்டில் அச்சடித்திருந்த நம்பருக்குப் பேசினேன். நான் அழைத்த நம்பர் தங்களுடையதே இல்லை என்றார்கள். வெளியாள் திறந்துவிட்டதால் வாரண்டியும் இனி செல்லாதாம். நுகர்வோர் உதவி எண் 1915, இணைய மோசடிக்கான 1930 இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. 1930க்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்தளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. எனக்கு விஷயம் தெரிந்ததே தாமதமாகத்தான். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே அழையுங்கள்.

உப்பைக் காரணம் காட்டினால் உடனே பயந்துவிடாதீர்கள். உப்பு அடைத்தால் ஆவி குறையும், வெள்ளைத் துகள்களைத் துப்பும், துணியில் பழுப்புக் கறை விழும். சூடே ஏறாமல் பெட்டி அடியோடு செத்துப்போவதற்கு வழக்கமாக அது காரணமாக இருக்காது. உப்பை எடுக்க, செல்ஃப் கிளீன் பட்டன் உள்ள பெட்டியில் தண்ணீரை நிரப்பி, முழுச் சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிங்க்குக்கு மேலே பிடித்து அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். வெந்நீரும் ஆவியும் அழுக்கோடு கொட்டும், கை பத்திரம். எங்களைப் போல போர் தண்ணீர்க்காரர்கள் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது. வினிகர் ஊற்றச் சொல்லிப் பல வீடியோக்கள் இருக்கின்றன. பல கம்பெனிகளின் கையேடுகள் வேண்டாம் என்கின்றன, உங்கள் கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். தேய்த்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், யாருடைய உரிமம் என்று காட்டும். வாட்ஸையும் கவனியுங்கள். 1,600 வாட்ஸ் பெட்டி ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். ஹாலில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். வாங்கிய அன்றே வாரண்டி கார்டைப் போட்டோ எடுத்து, அதிலுள்ள நம்பரைப் போனில் சேமித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெளியில் ரிப்பேர் பார்த்த பெட்டி வீட்டில் இருந்தால், டயலை ஒற்றைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்து, தட்டு ஆறியதும் மறுபடி எரியும். அணையவே இல்லையென்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒழுங்காக அணைந்தாலும் தெர்மல் ஃபியூஸ் உள்ளே இருக்கிறதா, எர்த் வயர் கழன்று கிடக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.