மெயில் ஆர்க்கைவ்: எல்லாவற்றையும் டேட்டாபேஸில் கொட்டலாமா?

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரில் வருகிற, போகிற மெயில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்க வேண்டுமென்றால், எந்த டேட்டாபேஸ் என்று யோசிப்பதற்கு முன்னால் மெயிலை எங்கே பிடிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

சுலபமான வழி போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருக்கும் 'ஆல்வேஸ் பிசிசி' (always_bcc) அமைப்பு. மெயின் கான்ஃபிகில் ஒரே வரி, ஒவ்வொரு மெயிலின் நகலும் ஆர்க்கைவ் முகவரிக்குப் போய்விடும். அந்த முகவரியை ஒரு ஸ்கிரிப்டுக்குத் திருப்பிவிட்டால் அது டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும். டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் பயமில்லை. ஸ்கிரிப்ட் 'தற்காலிகத் தோல்வி' என்று பொருள்படும் 75 என்ற எண்ணோடு வெளியேறினால் போதும், நகல் க்யூவில் காத்திருக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். வைரஸ், ஸ்பாம் பார்க்கும் அமாவிஸ் போன்ற ஃபில்டர் நடுவில் இருந்தால் மட்டும் கவனம், அது பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது மெயில் இரண்டாம் முறை உள்ளே வருவதால் நகலும் இரண்டாகிவிடும்.

ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒருவர் மேலாளருக்கு எழுதிவிட்டு, மற்ற பெறுநர்களுக்குத் தெரியாத பிசிசியில் வெளியாள் ஒருவரையும் சேர்க்கிறார் என்று வையுங்கள். ஆர்க்கைவுக்கு வருகிற நகலின் ஹெடரில் மேலாளர் பெயர் மட்டும்தான் இருக்கும், அந்த வெளியாள் தடயமே இல்லாமல் போய்விடுவார். விசாரணை என்று வரும்போது தேடப்போவதே அந்தப் பெயரைத்தானே!

மில்டர், அதாவது போஸ்ட்ஃபிக்ஸோடு இணைந்து மெயிலை வரும்போதே பார்க்கும் துணை நிரல், இங்கேதான் ஜெயிக்கிறது. மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி உரையாடல் நடக்கும்போதே உட்கார்ந்து கேட்பதால், ஹெடரில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையான பெறுநர்கள் அத்தனை பேரையும் அது பார்த்துவிடும். விலையும் உண்டு: மில்டர் விழுந்தால் இயல்பான அமைப்பில் மெயில் வாங்குவதே தற்காலிகமாக நின்றுவிடும். சட்டம், தணிக்கை என்று பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் என்றால் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு மில்டருக்கே போங்கள். மற்றவர்களுக்கு ஆல்வேஸ் பிசிசி போதும்.

சரி, பிடித்ததை எங்கே வைப்பது? முழு மெயிலையும் டேபிளில் போட்டால் பேக்கப் ஒரே இடத்தில் முடியும், டிபிமெயில் என்ற மென்பொருள் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் 15 எம்பி இணைப்பு, மெயிலில் அனுப்புவதற்காக பேஸ்64 எழுத்துகளாக மாறியதும் 20 எம்பியைத் தாண்டிவிடும். மரியாடிபி டேட்டாபேஸ் ஒரே தடவையில் வாங்கும் பாக்கெட்டின் வரம்போ இயல்பாக 16 எம்பிதான், ஏற்றாவிட்டால் இன்செர்ட் தோற்கும். அது சரிசெய்யக்கூடியதே. டேட்டாபேஸ் வருடா வருடம் பருத்து, டம்ப் எடுக்கவே ராத்திரி முழுக்க ஓடும் நிலை வருவதுதான் எனக்குக் கவலை.

அதனால் என் ஓட்டு பைலர் என்ற மெயில் ஆர்க்கைவ் மென்பொருளின் பாணிக்கு: அனுப்பியவர், பெறுநர், தேதி, தலைப்பு எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், மெயில் சுருக்கப்பட்டு, மறையாக்கப்பட்டு டிஸ்கில், தேடலுக்குத் தனி இன்டெக்ஸ். ஒரே இணைப்பு ஐம்பது பேருக்குப் போனாலும் ஒரு பிரதிதான் தங்கும்.

சொந்தமாக எழுதுபவர்கள் மூல மெயிலை ஒரு பைட் கூட மாற்றாமல் வையுங்கள், பிரித்துச் சேர்த்தால், மெயில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்து செல்லாமல் போகலாம். தலைப்பை மட்டும் டீகோட் செய்து டேபிளில் தனி நெடுவரிசையில் போடுங்கள். தமிழ்த் தலைப்புகள் ஹெடரில் பெரும்பாலும் பேஸ்64 எழுத்துக் குவியலாகத்தான் வரும், அப்படியே சேமித்தால் 'விலைப்பட்டியல்' என்று தேடினால் ஒன்றும் சிக்காது. பைலர் போடுபவர்கள் மறையாக்கத்துக்கான அதன் சாவிக் கோப்பை வேறு இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் டிஸ்கில் இருக்கும் மெயில் எதையும் திறக்க முடியாது.