வந்தானா, வருகிறானா?

சிங்கப்பூரின் யீஷூனில் ரயில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேஸ் போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்தால் ஒரு சிறுகதையை முடித்துவிடலாம். ஆனால் கதை நிகழ்காலத்தில் எழுதியதாக இருந்தால் பீஷான் வருவதற்குள் அலுத்துவிடுகிறது.

பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வாய்விட்டு வாசித்துப் பார்த்ததும் புரிந்தது. தேக்கா சந்தையில் ஒருவன் மீன் வாங்குகிறான் என்று வையுங்கள். 'செவுளைத் தூக்கிப் பார்க்கிறான், விலை கேட்கிறான், முகம் சுளிக்கிறான், அடுத்த கடைக்குப் போகிறான்.' கிறான், கிறான் என்று ஒரே தட்டு. 'பார்த்தான், கேட்டான், சுளித்தான், போனான்' என்றால் ஓசை மாறி மாறி விழுகிறது. இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகள். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று இரண்டுதான். நன்னூல் ஆநின்று என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு இன்று யாரும் மீன் வாங்க முடியாது.

என் மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆங்கில நாவல்களை நிகழ்காலத்தில் வாசித்துப் பழகியவள். "'நான் வந்தேன், போனேன்'னு சொன்னாலே ஆள் பிழைச்சுட்டான்னு தெரிஞ்சுடுதேப்பா" என்கிறாள். நியாயம்தான். நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்ட மாதிரிக் காட்சி என்றால் அரைப் பக்கம் நிகழ்காலம் எனக்கும் சம்மதம். முழு நாவலுக்குத் தாங்காது.

யார் சொல்வது என்பதில் சிக்கல் வேறு. படர்க்கையில் சொன்னால் முதல் வினைச்சொல்லிலேயே மரியாதையை முடிவுசெய்தாக வேண்டும். எங்கள் புளோக்கைப் பெருக்கும் பெரியவர் 'குனிந்தாரா', 'குனிந்தானா'? அந்த ஒரு எழுத்திலேயே எழுதுகிறவர் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். தன்மையில் 'குனிந்தேன்' என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஆனால் சொல்பவர் புலம்பல் பேர்வழியாக இருந்துவிட்டால் தப்பிக்க வழியில்லை. முன்னிலை? 'நீ கதவைத் திறக்கிறாய்' என்றாலே யாரோ விசாரணை செய்வதுபோல் இருக்கிறது. 'நீங்கள்' என்று மாற்றினால் பயனர் கையேடு.

எனக்குப் பிடித்தது இறந்தகாலத் தன்மைதான். போன வாரம் அப்படி ஒரு கதை. சொல்பவர் ஆண் என்றே நினைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "என்னம்மா, சாப்பிட்டியா?" என்கிறார். திருப்பி முதல் பக்கத்துக்குப் போனேன். நிமிர்ந்தபோது ராஃபிள்ஸ் பிளேஸைத் தாண்டி மரீனா பே வந்திருந்தது.