வெள்ளை மடல்: ஆந்தூரியமா, பீஸ் லில்லியா?

ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு நர்சரியில் வாங்கிய வெள்ளைப் பூச்செடித் தொட்டி. "லில்லிதாங்க" என்று கொடுத்தார்கள். சேலம் வீட்டுக்கு வந்த சித்தி, "ஆந்தூரியம்டா இது" என்றார். ஆந்தூரியம், பீஸ் லில்லி இரண்டிலும் வெள்ளை உண்டு. நிறத்தை நம்ப முடியாது.

முதலில் இலை. ஆந்தூரியத்துக்கு வெற்றிலை மாதிரி இதய வடிவம், தொட்டால் ரெக்ஸின் போலத் தடிப்பு. பீஸ் லில்லி இலை மஞ்சள் செடி இலைபோல நீண்டு கூராகும், மெல்லிசு.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது பூவின் நடுவிலுள்ள குச்சிதான். நாம் பூ என்று நினைப்பது தென்னம்பாளை மாதிரி ஒரு மடல். நிஜப் பூக்கள் அந்தக் குச்சியில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். விரலால் தடவினேன். குட்டி மக்காச்சோளக் கதிர்போல முண்டும் முடிச்சுமாக இருந்தது, விரலில் வெள்ளை மாவு. பீஸ் லில்லியேதான். ஆந்தூரியக் குச்சி வழவழப்பாக இருக்கும், மடலும் மெழுகு பூசினாற்போல் மினுங்கும்.

சேலம் வெயிலில் தண்ணீர் ஊற்ற மறந்தால் பீஸ் லில்லி துவண்டு விழும்; ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். ஆந்தூரியம் இப்படி நாடகம் போடாது.

இரண்டுமே சேப்பங்கிழங்குக் குடும்பம், கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும். குழந்தைக்கு எட்டாத ஜன்னலில் வைத்திருக்கிறேன். சித்திக்கு இன்னும் ஆந்தூரியம்தான்.