முள், குழாய், வட்டு: சைக்கிள் பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் ‘டிஸ்க் லாக்’ என்று கேட்டால், மோட்டார் சைக்கிளின் பிரேக் தட்டில் மாட்டும் பூட்டை எடுத்து நீட்டுவார்கள். நான் சொல்லும் வட்டுப் பூட்டு அதுவல்ல. சாவித்துளைக்குள் உலோக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் பூட்டு. சாவியே காட்டிக்கொடுத்துவிடும்: தட்டையாகப் பல் வைத்திருக்காது, அரைவட்டக் கம்பியில் ஆங்காங்கே சாய்வாகச் செதுக்கியது போலிருக்கும்.

மலிவான சைக்கிள் பூட்டுகளில் பெரும்பாலும் முள் அமைப்புதான். முட்களை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்; சாவியின் பற்கள் அவற்றைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் உருளை திரும்பும். அந்த ஸ்பிரிங்தான் சங்கடம். அதற்கென்றே வெட்டிய சாவியைச் செருகித் தட்டினால் முட்கள் ஒரு கணம் துள்ளும். அந்தக் கணத்தில் பூட்டு திறந்துவிடும். மழையிலும் மண்ணிலும் கிடக்கும் சைக்கிளில் திருடன் வருவதற்கு முன்பே துரு வந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

குழாய் போன்ற வட்டச் சாவி ஒரு காலத்தில் விலை உயர்ந்த யு-பூட்டுகளின் (ஆங்கில ‘U’ வடிவ இரும்புக் கம்பிப் பூட்டுகளின்) அடையாளமாக இருந்தது. 2004-இல் அமெரிக்காவில் அதன் மானம் போனது. சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைத் துளையில் அழுத்தித் திருகினால் பூட்டு திறப்பதை இணையக் காணொளிகள் காட்டின. பிளாஸ்டிக் இளகுந்தன்மை உடையது. உள்ளே வட்டமாக நிற்கும் முட்கள் அழுந்தும் இடத்தில் பள்ளம் விழுந்து, பேனாவே சாவியாகிவிடுகிறது. அத்தகைய பூட்டுகளைச் செய்த கிரிப்டோனைட் நிறுவனம், தான் விற்றவற்றை மாற்றிக்கொடுத்து, வட்டு அமைப்புக்கு மாறியது. இன்றைக்கும் வட்டச் சாவியுடன் வரும் மலிவான யு-பூட்டை நான் தொடமாட்டேன்.

வட்டு அமைப்பு அதைவிட மிகப் பழையது. பின்லாந்தின் எமில் ஹென்ரிக்சன் 1907-இல் கண்டுபிடித்தது; அப்லாய் நிறுவனத்தின் பூட்டுகள் அதன் வாரிசுகள். இதில் சாவியை உள்ளே விடும்போது எதுவும் அசையாது. திருப்பத் தொடங்கியதும், சாவியின் ஒவ்வொரு வெட்டும் தன் வட்டை வெவ்வேறு அளவுக்குச் சுழற்றுகிறது. ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் ஒரு பள்ளம். எல்லாப் பள்ளங்களும் ஒரே கோட்டில் வந்து நின்றால், பக்கவாட்டில் காத்திருக்கும் ஒரு சிறு கம்பி அவற்றுக்குள் இறங்கும். அதன்பிறகே உருளை சுழலும். பூட்டும்போது அதே சாவி வட்டுகளைக் கலைத்துப்போடுகிறது. வட்டுகளைத் தள்ள ஸ்பிரிங் தேவையில்லை, ஆகவே தட்டித் துள்ளவைக்கும் வித்தை இங்கே பலிக்காது. பனியும் அழுக்கும் அதிகம் தொல்லை தருவதில்லை.

திண்டுக்கல் பூட்டில் லீவர் எத்தனை என்று விசாரிப்பது போல, இதில் வட்டு எத்தனை என்று விசாரிக்கலாம். 7 வட்டு, ஒவ்வொன்றுக்கும் 6 கோணம் என்றால், தாளில் 2,79,936 சாவிகள். ஆனால் எண்ணிக்கையை விட முக்கியம் பொய்ப் பள்ளங்கள். கள்ளக்கம்பியால் துழாவுகிறவனுக்கு, ‘சரியான இடம் கிடைத்துவிட்டது’ என்று ஏமாற்றுக் காட்டும் ஆழம் குறைந்த வெட்டுகள் அவை. ஆபுஸ் போன்ற நல்ல பூட்டுகளில் இருக்கும். பெயர் தெரியாத மலிவுப் பூட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. அதற்கென்று செய்த கருவியும் பழகிய கையும் இருந்தால், அப்படிப்பட்ட மலிவுப் பூட்டு எளிதாகவே திறக்கும். வட்டு என்ற பெயருக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

உண்மையில், தெருவில் சைக்கிள் திருடுகிறவன் சாவித்துளையோடு மல்லுக்கட்டுவது அரிது. கம்பிவெட்டியோ பேட்டரி கிரைண்டரோ அவன் கையில் இருக்கும். மெல்லிய கேபிளுக்கு வட்டுப் பூட்டு வைத்திருப்பது, ஓலைக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள். 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள கடின எஃகு கையடக்கக் கம்பிவெட்டிக்கு மசியாது, கிரைண்டருக்கு மசியும். பிரிட்டனின் ‘சோல்ட் செக்யூர்’ தரச்சான்று பூட்டு முழுவதையும் சோதித்துத் தருவது. அதைப் பார்த்து வாங்கலாம்.

சென்ற ஆண்டு என் யு-பூட்டின் சாவி இரண்டையும் தொலைத்தேன். சாவியின் எண்ணையும் குறித்துவைக்கவில்லை. தெருமுனைச் சாவிக்காரர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “சார், இதுக்கு என்கிட்ட கம்பி இல்லை” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கிரைண்டரை வாங்கி வந்தார். இரு முனையும் பூட்டிக்கொள்ளும் வகை என்பதால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. தீப்பொறி அடங்குவதற்குள் வேலை முடிந்தது. அவ்வளவு சத்தத்திலும் போகிற வருகிறவர் ஒருவர்கூட, சைக்கிள் யாருடையது என்று கேட்கவில்லை.