வேலை கிடைச்ச பிறகு ஃபீஸ்னு சொல்லி அப்பா பேர்ல 84,000 ரூபாய் கடன்: சேலம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க கவனத்துக்கு

கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறவங்க, முடிச்சுட்டு வேலை தேடிக்கிட்டு இருக்கிறவங்க, முக்கியமா அவங்க அப்பா அம்மா, தயவுசெஞ்சு இதை முழுசாப் படிங்க. "வேலை கிடைச்ச பிறகு ஃபீஸ் கட்டினாப் போதும்"னு ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி நிலையம் எங்ககிட்ட சொல்லுச்சு. எனக்கு வேலை கிடைக்கல. ஆனா எங்க அப்பா பேர்ல 84,000 ரூபாய் கடன் ஓடிக்கிட்டு இருக்கு. இன்னைக்குக் காலையில கடன் கம்பெனியில இருந்து ஒருத்தன் அப்பாவுக்குப் போன் பண்ணி, பட்டறையில நாலு பேர் முன்னாடி அவரை "வாங்கத் தெரியுதுல்ல, கட்டத் தெரியாதா"னு கேட்டிருக்கான். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன். ஒரு கடைக்காரன்கிட்ட கூட பாக்கி வெச்சதில்ல. அந்தக் கொதிப்பு அடங்கறதுக்குள்ள எழுதிடறேன்.

அந்த நிலையத்தோட பேரைப் போடல. போட்டா மானநஷ்ட கேஸ் போடுவோம்னு வாட்ஸ்அப்ல ஏற்கனவே மிரட்டியாச்சு. அஞ்சு ரோடு பக்கமும் புது பஸ் ஸ்டாண்டு பக்கமும் "ஃபுல் ஸ்டேக் டெவலப்பர், நாலே மாசம், 100% வேலை"னு போஸ்டர் ஒட்டுவாங்களே, அந்த வகை. கடைக்கு மேல மாடியில ஆபீஸ், கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க ஆஃபர் லெட்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிற பசங்க போட்டோ.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற ஒரு கல்லூரி. அரியர் கிடையாது. எங்க கேம்பஸுக்கு வந்ததுல பெரும்பாலும் கால் சென்டரும் பேங்க் சேல்ஸும்தான். படிப்பு முடிஞ்சு வீட்டுல உட்கார்ந்த பிறகு என்ன பயம்னா, ஃப்ரெஷர் விளம்பரத்துல எல்லாம் எந்த வருஷம் முடிச்சவங்கன்னு போட்டிருப்பாங்க. அடுத்த பேட்ச் வெளிய வந்துட்டா நம்ம வருஷம் அந்த வரியில இருந்து காணாமப் போயிடும். சொந்தக்காரங்க கேள்வி வேற. இந்தப் பயம் அந்தப் பயிற்சி நிலையத்துக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். அவங்க போஸ்டர்ல முதல் வரியே "இன்னும் வேலை கிடைக்கலையா?"தான்.

அப்பா சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறையில கூலி வேலை. வெள்ளி விலை ஏறினா ஆர்டர் கொறையும், கூலியும் கொறையும். அதனாலதான் அவரையும் கூட்டிக்கிட்டுப் போனேன், பணம் விஷயம் அவர் காதுலயே விழட்டும்னு. கவுன்சிலர்னு ஒரு அம்மா உட்கார வெச்சு டீ கொடுத்தாங்க. என்கிட்ட பேசினதைவிட அப்பாகிட்டதான் அதிகம் பேசினாங்க. அப்பா சுத்தி வளைக்காமக் கேட்டார்: "வேலை கிடைக்கலைனா இந்தக் காசு என்னங்க ஆகும்?"

அந்தம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்து வந்து அப்பா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. "அப்பா, வேலை கிடைச்சு சம்பளம் வந்த பிறகுதான் நீங்க மாசாமாசம் கட்டப் போறீங்க. இப்ப ஒரு ரூபா வேண்டாம். எங்க அப்பாவும் இளம்பிள்ளையில தறி ஓட்டித்தான் என்னைப் படிக்க வெச்சாரு. உங்களை மாதிரி ஒருத்தரை நான் ஏமாத்துவேனா?"

அதுக்கு மேல அப்பா எதுவும் கேட்கல. ஆதாரும் பான் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் கேட்டாங்க. "பையன் சேர்க்கைக்கு கார்டியன் விவரம்பா"ன்னாங்க. அப்பா போனை வாங்கி அவங்களே ஏதோ ஆப்பை இறக்கினாங்க. "கண்ணாடியைக் கழட்டுங்கப்பா, நேராப் பாருங்க, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க"ன்னாங்க. ஐடி கார்டு போட்டோவுக்குன்னு நினைச்சு அப்பா சட்டைக் காலரை எல்லாம் சரி பண்ணிக்கிட்டார். வரிசையா ஓடிபி வந்துச்சு, ஒவ்வொண்ணையும் அந்தம்மாவே பார்த்துப் பார்த்துப் போட்டாங்க. அது ஐடி கார்டுக்கு இல்லைங்க. கடன் கொடுக்கிற கம்பெனி, ஆள் உயிரோட நேர்ல இருக்காரான்னு சரிபார்க்கிற கேஒய்சி. கடைசியா வந்த ஓடிபி, மாசாமாசம் அப்பா கணக்குல இருந்து தானா பணம் எடுக்கிறதுக்கான அனுமதி. கடன்ங்கிற வார்த்தையை அந்த அறையில யாரும் சொல்லவே இல்ல. படி இறங்கும்போது அப்பா என்கிட்ட, "நல்ல பொண்ணு கண்ணு, நம்மளை மாதிரிக் குடும்பம்"னார்.

அடுத்த மாசம் அஞ்சாம் தேதி அப்பா கணக்குல இருந்து 7,000 ரூபாய் போயிடுச்சு. சீட்டுக்கும் கரண்டு பில்லுக்கும் வெச்சிருந்த காசு. அப்பதான் தோண்டிப் பார்த்தேன். 84,000 ரூபாய், 12 தவணை. சேர்ந்த வாரமே கடன் கம்பெனி மொத்தப் பணத்தையும் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிடுச்சு. "நோ காஸ்ட் இஎம்ஐ", அதாவது வட்டியில்லாத் தவணைன்னு சொல்றது இப்படித்தான் நடக்குது: வட்டியைக் கடன் கம்பெனி நிலையத்துக்கிட்ட முன்கூட்டியே பிடிச்சுக்கும், மிச்சத்தை அவங்க ஒரே தடவையில வாங்கிக்கறாங்க. அவங்க பாடம் நடத்தினாலும் நடத்தலைனாலும், எனக்கு வேலை கிடைச்சாலும் கிடைக்கலைனாலும், அவங்க காசு அவங்க கைக்கு வந்தாச்சு. பாக்கி எல்லாம் எங்க அப்பாவுக்கும் கடன் கம்பெனிக்கும். நிஜமாவே வேலைக்கு அப்புறம் ஃபீஸ் வாங்கற இடத்துல இத்தனை ரூபாய்க்கு மேல சம்பளம் வந்தாத்தான் கட்டணும்னு ஒப்பந்தத்துல இருக்கும், நடுவுல கடன் கம்பெனி இருக்காது.

கேட்டப்ப, "அது ஒரு ஃபார்மாலிட்டிதான் தம்பி, வேலை கிடைச்சதும் உங்க சம்பளத்துல இருந்து அப்பாவுக்குக் கொடுத்துடுவீங்கல்ல"ன்னாங்க.

சரி, பாடமாவது உருப்படியா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. "பத்து வருஷ அனுபவம் உள்ள ட்ரெய்னர்"னு சொன்ன இடத்துல பாடம் எடுத்தது எங்களுக்கு முந்தின பேட்ச்ல படிச்ச பையன். அவனுக்கும் வேலை கிடைக்கல, அங்கயே குறைஞ்ச சம்பளத்துக்கு நிறுத்திக்கிட்டாங்க. அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட்ல பட்டனை அழுத்தினா எண் ஏறுறது, அதோட சரி. டேட்டாபேஸ் ஒரே வாரம். கடைசியில "லைவ் ப்ராஜெக்ட்"னு எல்லாருக்கும் ஒரே ஜிப் ஃபைலைக் குரூப்ல போட்டு, "பேரை மாத்தி கிட்ஹப்ல ஏத்திக்கோங்க"ன்னாங்க (கிட்ஹப்ங்கிறது நாம எழுதின கோடைப் போட்டுக் காட்டற வெப்சைட்). அந்த ஷாப்பிங் வெப்சைட்டோட அடிப்பக்கத்துல வேற யாரோ ஒரு பையன் பேர் இருந்துச்சு.

நானே நௌக்ரிங்கிற வேலை தேடற வெப்சைட்டுல தேடி, பெங்களூருல ஒரு சின்ன கம்பெனிக்கு வீடியோ இன்டர்வியூ வரைக்கும் போனேன். அங்க கேட்ட முதல் கேள்வி: "ஸ்டாக்ல ஒரே ஒரு பொருள்தான் இருக்கு, ரெண்டு பேர் ஒரே நொடியில வாங்கற பட்டனை அழுத்தினா உங்க கோடு என்ன செய்யும்?" டேட்டாபேஸ்ல ட்ரான்சாக்ஷன், லாக் எல்லாம் (ஒருத்தர் வாங்கி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தரைக் காக்க வெக்கிற வழி) ஒழுங்காச் சொல்லிக் கொடுத்திருந்தா வர்ற பதில் அது. நாலு மாசத்துல அந்த வார்த்தையே அங்க யார் வாயிலயும் வரல. இன்டர்வியூ எடுத்தவர் மரியாதையாத்தான் பேசினார். "இதே ப்ராஜெக்ட்டை இந்த வாரம் இன்னொரு சேலம் பையனும் காட்டினாரு"ன்னு சொல்லிட்டு முடிச்சுக்கிட்டார்.

பயிற்சி நிலையம் ஏற்பாடு பண்ணின "ப்ளேஸ்மென்ட் ட்ரைவ்" சென்னையில ஒரு டெலிகாலிங் வேலைக்கு. டெவலப்பர் வேலை எங்கேன்னு கேட்டா, ஒப்பந்தத்தைக் காட்டறாங்க. எந்த ஒப்பந்தம்? அந்த ஓடிபி எல்லாம் முடிஞ்ச பிறகு மெயில்ல வந்த பிடிஎஃப். "நிறுவனம் காட்டும் வாய்ப்பை மாணவர் மறுத்தால் உத்தரவாதம் செல்லாது"னு உள்ள எங்கயோ ஒரு வரி. வாய்ப்புன்னுதான் இருக்கு, சாஃப்ட்வேர் வேலைன்னு எங்கயும் இல்ல.

இதைவிடக் கேவலம் அடுத்தது. இன்னும் 30,000 கட்டினா ரெண்டு வருஷ அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் ரெடி பண்ணித் தர்றோம்னு தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். தம்பிகளா, இதுல மட்டும் கால் வெச்சுடாதீங்க. கம்பெனிங்க பின்னணி சரிபார்க்கும்போது பிஎஃப்ல உங்க யுஏஎன் எண்ணை (பிஎஃப்ல ஒவ்வொருத்தருக்கும் தர்ற நிரந்தர எண்) போட்டா எந்த கம்பெனியில எந்த தேதியில சேர்ந்தீங்க, எப்ப விலகினீங்கன்னு வந்துடும். ஃபார்ம் 16 (சம்பளத்துல வரி பிடிச்சதுக்கு கம்பெனி தர்ற சான்று) கேட்பாங்க, பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பாங்க. சேர்ந்து ஆறு மாசம் கழிச்சுப் பிடிபட்டாலும் அன்னைக்கே வெளிய அனுப்புவாங்க, அதுக்கப்புறம் அந்தக் கம்பெனிப் பக்கமே தலை வெச்சுப் படுக்க முடியாது. ஃப்ரெஷரா இருக்கிறது குத்தம் இல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பிச்ச பிறகு நடந்ததைச் சொல்றேன். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." "அக்கவுன்ட்ஸ் எல்லாம் கோயம்புத்தூர் ஆபீஸ்ல." "டிக்கெட் போட்டிருக்கோம், ஏழு வேலை நாள்ல பதில் வரும்." அந்த ஏழு வேலை நாள் முடியவே இல்ல. தறிக்காரர் பொண்ணுன்னு சொன்ன அந்தம்மா வேற கிளைக்கு மாறிட்டாங்களாம், அவங்க நம்பர் என்னை பிளாக் பண்ணிடுச்சு. பேட்ச் குரூப்ல "வேற யாருக்காவது வேலை கிடைச்சுதா?"ன்னு ஒரே ஒரு கேள்வி போட்டேன், என்னை நீக்கிட்டாங்க. நேர்ல போனா, ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு தண்ணி கொடுத்து உட்கார வெக்கும், யாரும் வெளிய வர மாட்டாங்க. நான் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு அப்பாவும் பொண்ணும் வந்து, உள்ள அதே டீ, அதே பேச்சு. அந்தப் பெரியவரைக் கீழ படியில நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "ரொம்ப நன்றி தம்பி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

கடன் கம்பெனிகிட்ட கேட்டா, "கோர்ஸுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல சார், இன்ஸ்டிட்யூட்கிட்ட பேசுங்க." இன்ஸ்டிட்யூட்கிட்ட கேட்டா, "லோனுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, ஃபைனான்ஸ்ல பேசுங்க." 84,000 ரூபாயை ரெண்டு பேரும் சேர்ந்துதான் எங்க தலையில கட்டினாங்க, இப்ப ரெண்டு பேருக்கும் சம்பந்தம் இல்லையாம். கணக்குல காசு இல்லாத மாசம் தவணை திரும்பிடுச்சு, அதுக்கு அபராதம் தனி. அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. தங்கச்சி நர்சிங் சேர்றதுக்கு பேங்க்ல கல்விக் கடன் கேட்டோம். அப்பா பேர்ல தவணை நிலுவை காட்டுது, சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காக் கட்டறாரான்னு காட்டற மதிப்பெண்) இறங்கியிருக்கு, பார்த்துச் சொல்றோம்னு மேனேஜர் ஃபைலைத் தள்ளி வெச்சுட்டார். நாங்க கேட்டு வாங்காத கடனுக்கு என் தங்கச்சி படிப்பு நிக்குது.

எதைப் பார்த்துச் சேரணும், எங்க படிக்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்ப அவ்வளவு பொறுமை இல்ல. அவசரமானதை மட்டும் சொல்லிடறேன்.

யாருக்கும் ஓடிபி சொல்லாதீங்க, போனைக் கையில கொடுக்காதீங்க. கண்ணைச் சிமிட்டச் சொன்னாலே அது கடனுக்கான கேஒய்சியா இருக்கலாம், எழுந்து வந்துடுங்க. ஒப்பந்தத்தை முதல்ல காகிதத்துல கேளுங்க. "100% வேலை"ன்னு கோச்சிங் விளம்பரம் போடறதையே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல வந்த வழிகாட்டுதல்ல தடை பண்ணியிருக்கு. சுவர்ல இருக்கிற போட்டோவுல ரெண்டு பேர்கிட்ட பேசணும்னு கேளுங்க.

இன்னைக்கே மாட்டியிருந்தீங்கன்னா உடனே கடன் கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடன்ல சின்ன அவகாசம் ஒண்ணு உண்டு, அதுக்குள்ள அசலும் அந்த நாள் வட்டியும் கட்டி அபராதம் இல்லாம வெளிய வரலாம். கடன் கம்பெனி 30 நாள்ல பதில் சொல்லலைனா ரிசர்வ் வங்கியோட ஆம்பட்ஸ்மேன்கிட்ட (புகாரை விசாரிக்கிற அதிகாரி) போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமே கிடையாது, ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். ரசீது, மெசேஜ், ஆடியோ எதையும் அழிக்காதீங்க.

படிப்புக்கு, என்பிடெல்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கிற டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் வீடியோ எல்லாம் இலவசம், சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும் கட்டணம். காலேஜ்ல இருக்கும்போதே தமிழக அரசோட "நான் முதல்வன்" திறன் பயிற்சி கோர்ஸை விட்டுடாதீங்க. ப்ளஸ் டூ முடிச்ச தம்பிங்க, ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தற ஸோஹோ ஸ்கூல்ஸைப் பாருங்க, அங்க படிக்கும்போதே உதவித்தொகை தர்றாங்க. வேலைக்கு எடுக்கிற கம்பெனி உங்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லித் தரும், உங்ககிட்ட காசு கேட்காது. சின்னதா இருந்தாலும் சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணுங்க.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன், அடுத்து நுகர்வோர் ஆணையம். இதே மாதிரி அப்பா அம்மா பேர்ல கடன் ஓடிக்கிட்டு இருக்கிறவங்க, கடன் கணக்கு விவரமும் சேர்க்கை ரசீதும் எடுத்துக்கிட்டு காலையில பத்து மணிக்குள்ள அங்க வாங்க, எல்லாரும் சேர்ந்தே கொடுப்போம்.